மொட்டைமாடிக்கு எந்த டெக்கிங் பலகை?

மொட்டைமாடியில் டெக்கிங், அதாவது சட்டம் வைத்து அதன் மேல் பலகைத் தளம், போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், நான் மத்தியானம் இரண்டு மணி வாக்கில்தான் போய்ப் பார்ப்பேன். சாயங்காலம் காற்றாட நின்று பார்த்தால் எந்த மாடியும் அழகாகத்தான் இருக்கும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மழைத்தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது, வீட்டில் யாரெல்லாம் செருப்பில்லாமல் நடப்பார்கள் என்று தெரியாமல் பலகையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. என் அப்பா தேக்கில் வேலை செய்த ஆசாரி. நான் சென்னையில் மாடிக்கும் பால்கனிக்கும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கூட்டுப்பலகையில் தளம் போடுகிறேன். மரத்துக்கு ஒரு குணம் இருப்பதுபோல இந்தப் பலகைக்கும் குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது.

பிளைவுட் கடையில் ‘டபிள்யூ.பி.சி.’ (வுட் பிளாஸ்டிக் காம்போசிட், இந்தக் கூட்டுப்பலகையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்று கேட்டால், பெரும்பாலும் வெளிர் நிறத்தில் ஒரு ஷீட்டை எடுத்துப் போடுவார்கள். அது பி.வி.சி. ஃபோம் வகை. சமையலறை அலமாரிக்கும் பாத்ரூம் கதவுக்கும் நல்ல சரக்குதான். ஆனால் மென்மையானது, நாற்காலிக் கால் பட்டால் குழி விழும், திறந்த வெயிலில் தாங்காது. அதை வாங்கி மாடியில் விரித்துவிடாதீர்கள். தளத்துக்கென்று வருவது மரத்தூளையும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி, அச்சு வழியாகத் தள்ளி எடுத்த பலகை. பொதுவாகப் பாதிக்கு மேல் மரத்தூள், மூன்றில் ஒரு பங்கு போல பிளாஸ்டிக், மீதி நிறமும் வெயில் தாங்குவதற்கான சேர்மானங்களும். கையில் தூக்கினாலே கனம் தெரியும்.

இந்தப் பலகையில் முதல் பிரிவு, உறை போட்டதா உறை இல்லாததா என்பது. கடைக்காரர்கள் உறை போட்டதை ‘கோ-எக்ஸ்ட்ரூஷன்’ என்பார்கள். உள்ளே மரத்தூள் கலவை, வெளியே சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். பலகையின் வெட்டு முனையைப் பார்த்தால் ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு கோடு போல அது தெரியும். மூன்று பக்கம் மட்டும் மூடி, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறார்களா, நாலு பக்கமும் மூடியிருக்கிறார்களா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகைக்கு அடியில் நாள்கணக்கில் ஈரம் காயாமல் நிற்கும் ஊர் இது. அதனால் திறந்த மாடிக்கு நாலு பக்கமும் மூடியதைத்தான் நான் சொல்வேன்.

உறை இல்லாத பலகை விலை குறைவு. மேற்பரப்பிலேயே மரத்தூள் இருப்பதால் முதல் சில மாதங்களில் நிறம் நன்றாக வெளுக்கும், அப்புறம் ஓரளவு நிலைத்துவிடும். முதல் மழைகளில் டீத்தண்ணீர் போல ஒரு சாயமும் இறங்கும். வெள்ளைச் சுவருக்கு மேலே போட்டிருந்தால் சுவரில் கோடு விழும். நிழலும் ஈரமும் சேர்ந்த மூலைகளில் கரும்புள்ளி படரும். ஆனால் ஒரு நல்ல குணம் இருக்கிறது. கீறல் விழுந்தால் உப்புத்தாள் வைத்து நீளவாக்கில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். உறை போட்டதில் அது முடியாது. தேய்த்தால் தோல் போய்விடும். அதனால் கூரைக்குக் கீழே இருக்கும் பால்கனி, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடம், பெரிய நாய் வளர்க்கும் வீடு என்றால் உறை இல்லாத பலகையைத் தாராளமாக யோசிக்கலாம்.

அடுத்தது, உள்ளே கூடா, கெட்டியா. கூடு பலகையின் முனையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். விலையும் எடையும் குறைவு, மேலே ஏற்றுவதும் சுலபம். 140 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம், 2.9 மீட்டர் நீளம் உள்ள கெட்டிப் பலகை ஒன்று ஏறக்குறைய 13 கிலோ வரும். அதே அளவு கூடு பலகை அதைவிடப் பல கிலோ குறையும். உட்கார்ந்து காபி குடிக்கும் பால்கனிக்குக் கூடு போதும். மாடியில் துளசி மாடமோ மண் நிரப்பிய பெரிய தொட்டிகளோ ஊஞ்சல் ஸ்டாண்டோ வைப்பதாக இருந்தால் கெட்டிதான் சரி. கனம் முழுவதும் நாலு சின்னக் காலில் இறங்கும்போது கூட்டின் மேல்சுவர் அமுங்கி விரிசல் விடும். இன்னொன்று, கூட்டின் முனையை மூடி போட்டு அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கும், எறும்பும் குடியேறும். மூடியைச் சும்மா செருகாமல் பசை வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் தினமும் அனுபவிக்கப்போவது இதைத்தான். கேட்லாக்கில் எல்லோருக்கும் பிடிப்பது அடர் காப்பி நிறமும் கரிச் சாம்பலும். சித்திரை வெயிலில் அந்தப் பலகையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலை வைக்க முடியாது. மரத்தைவிடக் கனமான சரக்கு என்பதால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். வெளிர் சாம்பல், மணல் நிறம், இளந்தேக்கு நிறம் எடுத்தால் வித்தியாசம் காலுக்கே தெரியும். திருவான்மியூரில் ஒரு அம்மா காலையில் கோலம் போட்டுவிட்டு, மதியம் அதே மாடியில் வடகமும் மோர்மிளகாயும் காயவைப்பார். அடர் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு துண்டை மாடியில் போட்டுவிட்டு, மத்தியானம் காலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கு மேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. மணல் நிறத்தையே எடுத்தார்.

பல பலகைகளில் ஒரு பக்கம் கோடுகளும் மறுபக்கம் மர ரேகையும் இருக்கும். அகலமான ஆழக் கோடு வழுக்காது என்று சொல்லி விற்பார்கள். நம் ஊர்த் தூசியும் புறா எச்சமும் கோலமாவும் அந்தக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தால் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மேலோட்டமான மர ரேகையே பெருக்கவும் கழுவவும் வசதி. கார்த்திகை தீபத்துக்கு அகல்விளக்கை நேராகப் பலகை மேல் வைக்கக் கூடாது. எண்ணெய் கறையாகும், சூட்டில் பிளாஸ்டிக் கருகித் தடம் விழும். தாம்பாளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிப் பட்டாசுக்கும் வேறு இடம் பாருங்கள்.

முடிவு செய்வதற்கு முன் கடையில் ஒரு அடித் துண்டுகள் இரண்டு மூன்று வகையில் கேட்டு வாங்குங்கள். நல்ல கடைக்காரர் தருவார். சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவிட்டு, வாளித் தண்ணீரில் ஒரு வாரம் முழுக்கப் போடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி நிறுங்கள். எது அதிகம் கூடியிருக்கிறதோ அது அதிகம் ஊறும் பலகை. முனை உப்பியிருந்தால் அதை அங்கேயே ஒதுக்கிவிடலாம். இன்னொரு துண்டில் சாவியால் ஒரு கீறல், நல்லெண்ணெய் இரண்டு சொட்டு; மறுநாள் சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். கியாரண்டி அட்டையில் எத்தனை வருடம் என்பதோடு, நிறம் வெளுப்பதும் கரும்புள்ளியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் படியுங்கள்.

எவ்வளவு நல்ல பலகையும் அடியில் இருக்கும் சட்டம் சரியில்லை என்றால் ஆடும். பலகையைப் போலவே மரத்தூள், பிளாஸ்டிக் கலவையில் செய்த ரன்னரை (நீளக் கட்டையை) சட்டமாகப் போடுவது மலிவு, ஆனால் வெயிலில் அது வளையும். அலுமினியமோ நல்ல ஜி.ஐ. பைப்போ போடுங்கள். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி கூடு பலகைக்கு 30 சென்டிமீட்டர். கெட்டிக்குக் கம்பெனி சொல்வதைப் பொறுத்து 35 முதல் 40 வரை போகலாம். வாட்டர்ப்ரூஃபிங் செய்த தளத்தில் ஓட்டை போட எந்த ஆளையும் விடாதீர்கள். ரப்பர் பேட் அல்லது பெடஸ்டல் எனும் சின்னத் தாங்கு கால் மேல் சட்டத்தை நிறுத்தினால் போதும். சட்டம் தண்ணீர் ஓடும் திசையிலேயே போக வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் அணை போட்டு நிற்கும். மழைநீர்க் குழாயின் வாய்க்கு மேலே வரும் பகுதி மட்டும் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். சருகு அடைத்தால் கையை விட்டு எடுக்க வேண்டுமே.

கடலோரம் என்றால், அதாவது பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், ஈ.சி.ஆர். பக்கம், பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்பும் ஸ்க்ரூவும் துருவைத் தாங்கும் 316 ரக ஸ்டீலாக இருக்கட்டும். கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு கிளிப் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கழன்றுவிடும். பலகை வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 2.9 மீட்டர் பலகைக்கு இது சில மில்லிமீட்டர் வரும் என்பதால், சுவர் ஓரத்திலும் பலகை முனைகள் சேரும் இடத்திலும் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். இடைவெளி தெரிந்தால் அசிங்கம் என்று ஒட்டிப் போட்டால், கோடையில் முட்டிக்கொண்டு மேலே தூக்கும்.

கணக்கு இப்படி: கிளிப் இடைவெளியோடு சேர்த்து, மேலே சொன்ன 140 மில்லிமீட்டர் அகலம், 2.9 மீட்டர் நீளப் பலகை ஒன்று சுமார் 4.5 சதுர அடி மூடும். 200 சதுர அடி மாடிக்கு 45 பலகை. வெட்டுச் சேதத்துக்கும் பின்னால் மாற்றுவதற்கும் சேர்த்து 50 எடுங்கள். எல்லாம் ஒரே பேட்ச்சாக இருக்க வேண்டும், அடுத்த லாட்டில் நிறம் கொஞ்சம் மாறும். மிஞ்சுகிற பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல், நிழலில் சமதரையில் படுக்கையாக அடுக்குங்கள். சாய்த்து வைத்தால் அதன் எடைக்கே அது வளைந்துவிடும்.