சத்தானதைத்தான் சாப்பிடுகிறோம், உடம்பில் ஏன் ஒட்டவில்லை?

"நல்லாத்தான் சாப்பிடுறேன், ஆனா ரத்தம் கம்மின்னு சொல்றாங்களே" என்று வருத்தப்படுகிற பெண்கள் நிறையப் பேர். தட்டில் கீரை இருக்கும், பருப்பு இருக்கும், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவியதும் என்ன குடிக்கிறார்கள் என்று பாருங்கள். சுடச்சுட ஒரு கப் டீ. சத்து நழுவுவது அங்கேதான்.

கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்து, இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் உடம்பில் சேராது. போதாக்குறைக்கு, டீ, காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக வேண்டியது மலத்தோடு போய்விடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுக் குடியுங்கள். வைட்டமின் சி இருந்தால் கதையே வேறு: பருப்பின் மேல் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதே தட்டிலிருந்து இரும்பு கூடுதலாகச் சேரும். இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்குவதும் தவறுதான். பாலில் உள்ள கால்சியம் இரும்புக்கு வழிவிடாது.

அடுத்தது அடுப்படியில் நடப்பது. காயைப் பொடியாக நறுக்கி, அப்புறம் அலசி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கிறோம். வடிதட்டின் வழியே பச்சை நிறத்தில் ஓடுகிறதே ஒரு தண்ணீர், வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் அதில் கரைந்துதான் போகின்றன. வைட்டமின் சி சூட்டையும் அதிகம் தாங்காது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயாளிகள் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார்; சில நாளிலேயே தேறினார்கள். பிறகு அவரே, அந்தச் சாறு கெடாமலிருக்க அதைச் சூடாக்கிச் சுண்டவைக்கும்படி எழுதினார். சுண்டியதில் சத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே கழுவிவிட்டு நறுக்குங்கள், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடி வேகவையுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களை மட்டும் சில கீரைகளை வடித்துச் சாப்பிடச் சொல்வதுண்டு. அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும்.

எண்ணெயை அடியோடு நிறுத்துவதும் வேண்டாம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பின் துணையோடுதான் உள்ளே போகும். வெறும் கேரட்டைவிட ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கிய கேரட் மேல்.

எனக்கு அதிகக் கவலை தருவது வைட்டமின் பி12. தாவர உணவில் அது கிட்டத்தட்ட இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால், பாலையும் முட்டையையும் நிறுத்தியவருக்கு முதலில் எதுவும் தெரியாது. அப்புறம் ஒருநாள் பாதம் மரத்துப்போகும், மறதி வரும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார். பி12 குறைவால் வந்த ரத்தசோகைக்குத் தானாகவே ஃபோலிக் அமில மாத்திரை (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) வாங்கிப் போட்டால் இன்னும் ஆபத்து. ரத்தம் சரியாகிவிடும், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், பி12 அளவு தெரிந்துவிடும்.

சரி, எல்லாவற்றுக்கும் மாத்திரை போட்டுவிடலாமே என்றால், அதுவும் கூடாது. வைட்டமின் ஏ, டி மிஞ்சினால் எளிதில் வெளியேறாது, உடம்பில் தேங்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரையைத் தொடவே வேண்டாம். அளவு மீறினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் குறைபாடு வரலாம்.