மாரி முடிந்ததும் சாமான் அலுமாரியில் ஒரு கண்

திருகோணமலையில் அடைமழையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் அலுமாரிச் சாமான் கெதியாகப் பழுதாகும். தை பிறக்கும்போது ஒருக்கால் கிளறிப் பாருங்கள். அரிசியில் நாலைந்து வண்டு என்றால் பயமில்லை. மணம் மாறாவிட்டால் புடைத்து, கழுவிச் சமைக்கலாம். கச்சான்தான் கவனம். ஒரு பருப்பில் பச்சைப் பூஞ்சணம் தெரிந்தாலும் பையோடு கொட்டிவிடுங்கள். வறுத்தால் சரியாகும் என்பார்கள். அந்தப் பூஞ்சணம் விடக்கூடிய அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. (கச்சான் விற்கிற விலைக்கு எனக்கும் மனம் வராதுதான்.) டின்மீன் மூடி உப்பி, விரலால் அழுத்த ‘டக்’ என்று உள்ளே போய் வந்தால், திகதி மிச்சமிருந்தாலும் ருசிகூடப் பார்க்க வேண்டாம். மிளகாய்த்தூள் வெளிறினால் உறைப்புத்தான் குறையும். கட்டிபட்டுப் பூஞ்சண மணம் அடித்தால் எறியுங்கள்.