பள்ளியின் உடை விதிகளைத் திருத்தி எழுதுவது எப்படி?

உடை விதிகளைத் திருத்த முன்வரும் தலைமையாசிரியர், நடப்பிலுள்ள எல்லா விதிகளையும் முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் காரணத்தைக் குறிக்க வேண்டும். ஆய்வகத்தில் கூந்தலைக் கட்டிக்கொள்வதற்கும் விளையாட்டு வகுப்பில் தொங்கட்டான்களைக் கழற்றுவதற்கும் பாதுகாப்பு என்ற காரணம் உடனே கிடைத்துவிடும். 'ஒழுக்கம்', 'நெடுநாள் வழக்கம்' என்பவற்றைத் தவிர வேறெதுவும் எழுத முடியாத விதிகளே விவாதத்துக்கு உரியவை.

அந்த விவாதத்தில் மாணவர்களும் அமர வேண்டும். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்து உரிய கவனம் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவில் கூறுகிறது. வகுப்புத் தலைவர்களை மட்டும் அழைத்தால் போதாது. தோற்றத்துக்காக அடிக்கடி கண்டிக்கப்படும் பிள்ளைகளையும் அழையுங்கள், ஏனெனில் ஒரு விதி எந்த இடத்தில் உறுத்துகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாற்ற இயலாதவை எவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

சட்டையை மாலையில் கழற்றிவிடலாம். முடியின் இயல்பையும் சமய நம்பிக்கையையும் அப்படிக் கழற்றி வைக்க முடியாது. ஆகவே சீருடையின் நிறத்தில் பள்ளி உறுதியாக இருக்கலாம், உடலோடும் நம்பிக்கையோடும் ஒட்டியவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டோக்கியோ பெருநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகளில், முடி கறுப்பாகவே இருக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், குடும்பத்தின் தென்னிந்திய மரபுப்படி மூக்குத்தி அணிந்த மாணவிக்குப் பள்ளி விலக்களிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. சீருடையால் விளையும் நன்மையை அந்நீதிமன்றம் மறுக்கவில்லை. அவருக்கு விலக்களிப்பதால் அந்த நன்மை கெட்டுவிடாது என்றே கண்டது. எனவே விலக்கு கோரும் வழி, யாரிடம் கோருவது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் ஆகியவற்றை விதிகளுக்குள்ளேயே எழுதிவையுங்கள்.

வாசகங்களில் 'கண்ணியமான உடை' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'முழங்காலை மறைக்கும் உடை' என்பதுபோல எல்லோருக்கும் ஒரே பொருள் தரும்படி எழுதுங்கள். மாணவிகளுக்கு மட்டும் நீளமான பட்டியல் அமைந்துவிட்டதா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். கைப்பட்டை, பையில் குத்தும் சின்னம், காலுறையின் நிறம், தலைமுடியை வாரும் விதம் முதலியவற்றை மாணவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.

எவ்வளவு நல்ல விதியும் நடைமுறைப்படுத்தும் முறையால் கெட்டுப்போகும். வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்துவதும், பாடத்தை இழக்கும்படி வீட்டுக்கு அனுப்புவதும் பிள்ளையை அவமதிக்கும் செயல்கள். அவற்றை எழுத்து மூலமாகவே தடை செய்துவிடுங்கள். இடைவேளையில் தனியே அழைத்துப் பேசினால் போதும். தேய்ந்த காலணியும் சாயம் போன சட்டையும் பெரும்பாலும் வறுமையின் அடையாளங்கள் என்பதால், அவற்றை மீறலாகக் கருதாமல், மாற்றுடை சிலவற்றைப் பள்ளியிலேயே வைத்திருந்து பிறர் அறியாமல் கொடுங்கள்.

புதிய விதிகளைப் பெற்றோருக்கு ஒரு பருவம் முன்னதாகவே அனுப்பிவிட்டால், அவர்கள் துணியை இருமுறை வாங்க நேராது. ஓராண்டுக்குப் பின் அதே மாணவர் குழுவை மீண்டும் கூட்டி, எந்த விதிக்காக எத்தனை பேர் கண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை அவர்கள் முன் வையுங்கள்.