மனப்பிறழ்வைத் திகில் சிறுகதையில் எழுதுவது: தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

புதிதாகத் திகில் கதை எழுதுகிறவர்கள் மனம் பிறழ்ந்த ஒருவரைப் படைக்கும்போது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள். அவர் தலைமுடியைப் பிய்த்துக்கொள்வார், "ஹா ஹா ஹா" என்று சிரிப்பார். வாக்கியங்கள் பாதியில் அறுந்து புள்ளி புள்ளியாகத் தொங்கும். வெளியே நாய் ஊளையிடும், கரண்ட் போகும், எங்கிருந்தோ மல்லிகைப்பூ வாசம் வரும். இதையெல்லாம் படித்துவிட்டு வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

தூக்கத்தைக் கெடுக்கிற பாத்திரம் இப்படி இருக்காது. அவர் நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பார், நம்மைவிட நிதானமாக யோசிப்பார். அவருடைய மனம் ஒரு கணக்குப் பேரேடு மாதிரி. முதல் வரியில் ஒரே ஓர் எண் தப்பு; அதற்குப் பிறகு கூட்டல் கழித்தல் எல்லாம் துல்லியம். பக்கம் போகப்போகத் தொகை பயங்கரமாக வளர்கிறது. இந்த முறையில் ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். 1200 முதல் 1500 சொற்கள் போதும்.

படி 1: ஒரே ஒரு பொய் நம்பிக்கை

"அவருக்கு மனநிலை சரியில்லை" என்பதை வைத்துக் கதை எழுத முடியாது. எதை நம்புகிறார்? அதை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்.

மருத்துவ வரலாற்றில் தேடினால் நம் கற்பனையை வெட்கப்பட வைக்கும் நம்பிக்கைகள் கிடைக்கும். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் கோத்தார் ஒரு பெண்ணைப் பற்றி விவரித்தார். தனக்கு மூளையும் வயிறும் குடலும் இல்லை, ஆகவே உணவும் தேவையில்லை என்று அந்தப் பெண் நம்பினார். 1923இல் ஜோசப் கப்கிரா என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளரும் இன்னொரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கணவரையும் பிள்ளைகளையும் யாரோ அகற்றிவிட்டு அச்சு அசலாக வேறு ஆட்களை வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. இந்த நிலைக்கு இன்றும் கப்கிராவின் பெயர்தான்.

நாம் இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஆண்டு 1998. மனைவி பெயர் விசாலம். வீட்டில் இருப்பது விசாலம் இல்லை என்று ஒரு நாள் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதுதான் நம் ஒற்றை வரி. இதற்கு மேல் அவருக்குக் குரல்கள் கேட்க வேண்டாம், சுவரில் முகங்கள் தெரிய வேண்டாம். இரண்டாவது நோயைச் சேர்த்தால் முதலாவது நீர்த்துப்போகும்.

படி 2: அது எப்படி இயங்குகிறது என்று படியுங்கள்

தொடக்கநிலையினர் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். கதைக்கு வேண்டிய பாதிச் சரக்கு இங்கேதான் கிடக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கார் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவர், தன் பெற்றோர் பெற்றோரே இல்லை, அவர்களைப் போல இருக்கும் வேறு யாரோ என்று நம்பினார். அவர்களே தொலைபேசியில் பேசினால் மட்டும் சந்தேகம் வரவில்லை; அம்மாவை அம்மாவாகவே ஏற்றுக்கொண்டார். ஆய்வாளர்களின் விளக்கம் இப்படிப் போகிறது: முகத்தை அடையாளம் காணும் வேலை மூளையில் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் எழும் நெருக்க உணர்வு எழுவதில்லை. கண்ணிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. காதிலிருந்து போகும் வழி திறந்தே இருக்கிறது. முகம் அதே முகம், உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால் "இவர் வேறு ஆள்" என்ற முடிவுக்கு மனம் வந்து சேர்கிறது.

எந்தப் பேயும் தர முடியாத சூழ்நிலை இது. நம் தபால்காரருக்கு வீட்டில் இருக்கும் விசாலம் போலி. தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசினால் எடுத்துப் பேசுகிறவள் அசல். கதையின் இயந்திரம் கிடைத்துவிட்டது.

படி 3: யார் சொல்கிறார்?

தன்மையில், அதாவது "நான்" என்று, அவரே சொல்லட்டும். தொடக்கத்துக்கு அதுதான் எளிது. ஓர் எச்சரிக்கை: "எனக்குப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள்" என்று அவரைச் சொல்ல விடாதீர்கள். எட்கர் ஆலன் போ 1843இலேயே தன் கதைசொல்லியை அப்படிப் பேச வைத்துவிட்டார். அதன் பிறகு ஆயிரம் பேர் அந்த வழியில் நடந்து தேய்த்துவிட்டார்கள்.

நம் கதைசொல்லி தன்னைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அவருடைய கவலையெல்லாம் விசாலத்தைப் பற்றி. அவர் காண்பதை நேர்மையாகச் சொல்லட்டும், அதன் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்ளட்டும். 1892இல் வெளிவந்த சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் புகழ்பெற்ற சிறுகதையில் ஓய்வெடுக்க அனுப்பப்பட்ட பெண் தன் அறையை விவரிக்கிறாள்: ஜன்னலில் கம்பிகள், சுவரில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில். முன்பு குழந்தைகள் விளையாடிய அறையாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறாள். வாசகருக்கு வேறு ஏதோ தோன்றி வயிற்றைக் கலக்குகிறது. சொல்கிறவருக்கும் வாசகருக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியில்தான் திகில் குடியிருக்கிறது.

படி 4: தொழில்மொழியைக் கொடுங்கள்

ஆள் பிறழ்ந்தாலும் பழக்கம் பிறழாது. வாழ்நாளெல்லாம் தபால் பையைச் சுமந்தவர் சதியைக்கூடத் தபால் கணக்கில்தான் புரிந்துகொள்வார். "விலாசம் சரி, பெறுநர் மாறியிருக்கிறார்" என்பார். சந்தேகங்களைத் தேதி, நேரத்தோடு நோட்டில் பதிவார். ஆசிரியர் என்றால் மதிப்பெண் போடுவார். நகைக்கடையில் இருந்தவர் உரைத்துப் பார்ப்பார். இதைச் செய்தாலே பாத்திரத்துக்குப் பாதி உயிர் வந்துவிடும், வைத்தியசாலை வார்த்தை ஒன்றுகூடத் தேவைப்படாது.

படி 5: காட்சியை எழுதுங்கள்

முதலில், வழக்கமாக எழுதப்படுவது:

"அவள் என் மனைவி இல்லை... இல்லவே இல்லை...! யார் அவள்? என் தலை வெடித்துவிடும் போலிருந்தது!!"

இப்போது நம் முறையில்:

"காலையில் அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை சரியாக இருந்தது, விசாலம் போடுகிற அதே அளவு. நன்றாக விசாரித்து வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துதான் டம்ளரை எடுத்தேன். வீட்டில் அந்நியப் பெண் இருக்கும்போது வெறும் மேலோடு உட்காருவது முறையில்லை."

ஆச்சரியக்குறி இல்லை, நடுக்கம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒன்றாக இருந்த மனைவிக்கு முன் ஒருவர் சட்டை போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இந்தச் சட்டைதான். சற்றுச் சிரிப்பும் வருகிறது பாருங்கள். அந்தச் சிரிப்பை விட்டுவையுங்கள். சிரித்த வாசகர் காவலைத் தளர்த்திவிடுகிறார்.

அடுத்து தொலைபேசிக் காட்சி:

"மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. 'யார் பேசுகிறது?' என்றாள். விசாலம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'உன்னை எங்கே வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்டேன். 'இது என்ன கேள்வி? வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பிட வாருங்கள், எல்லாம் ஆறிப்போகிறது.' பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பாவம், அவளால் வெளிப்படையாகப் பேச முடியவில்லை."

படி 6: எதிர்ச் சான்றை விழுங்க விடுங்கள்

பொய் நம்பிக்கையின் பயங்கரமே, அதை உடைக்க வரும் சான்று அதற்கே தீனியாகிவிடுவதுதான். தபால்காரர் ஒரு சோதனை செய்கிறார். விசாலத்தின் பெயருக்கு, சொந்த வீட்டு விலாசத்துக்கே, ஒப்புகை அட்டையுடன் (பெறுநர் கையெழுத்திட்டதும் அனுப்பியவருக்கே திரும்பி வரும் அட்டை) ஒரு பதிவுத் தபால் அனுப்புகிறார். போலி என்றால் கையெழுத்தில் மாட்டிக்கொள்ளும். அட்டை திரும்பி வருகிறது. பழைய கையெழுத்துகளோடு வைத்துப் பார்க்கிறார். பொருந்துகிறது. அவர் எழுதுவது:

"ஒரு சுழி தவறவில்லை. விசாலம் ஒருபோதும் இவ்வளவு நேர்த்தியாகப் போட்டதில்லை. எத்தனை மாதம் பழகியிருப்பார்களோ."

கையெழுத்து மாறியிருந்தால் போலி. மாறாமல் இருந்தால் கைதேர்ந்த போலி. இப்படி ஒரு வாசலைச் சாத்திய பிறகு வாசகருக்கு மூச்சு முட்டத் தொடங்கும். இத்தகைய சோதனை ஒன்று போதும். மூன்று வைத்தால் வழக்காடுமன்றமாகிவிடும்.

படி 7: வாக்கியங்களைக் கவனியுங்கள்

உறுதியாக நம்புகிறவர் "போல", "என்னவோ", "ஒருவேளை" என்று இழுக்க மாட்டார். அச்சொற்களைத் தேடி வெட்டுங்கள். அவை அனைத்தும் கதையில் வரும் மற்றவர்களுக்குப் போகட்டும். மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் தயங்கித் தயங்கிப் பேசட்டும். தெளிவாகப் பேசுகிறவர் அவர் ஒருவரே என்றாகும்போது வாசகர் தன்னையறியாமல் அவர் பக்கம் சாய்வார்.

நம் மொழியின் திணையும் மரியாதை விகுதியும் இந்த வகைக் கதைக்கென்றே செய்தவை. அசல் விசாலத்துக்கு "அவள்", போலிக்கு "அந்த அம்மாள் வந்தார்". நெருக்கமானவளுக்கு ஒருமை, அந்நியருக்கு மரியாதை. மரியாதை கூடக்கூட வாசகருக்கு உடல் சில்லிடும். கதையின் பிற்பகுதியில் ஏதோ ஓரிடத்தில், அழுத்தம் தராமல், உயர்திணையைக் கைவிடுங்கள்: "தட்டைக் கொண்டுவந்து வைத்தது." ஒரே ஒரு முறை. அடுத்த வரியில் மறுபடி "வைத்தார்" என்றே எழுதுங்கள். கவனித்த வாசகர் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படிப்பார்.

படி 8: யாருக்குப் பயப்பட வேண்டும்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியதில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இந்தப் பின்னணி உள்ள ஊரில் இருந்துகொண்டு "மனநோயாளி என்றாலே கத்தியோடு வருவான்" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அது பொய் என்பது ஒரு காரணம். சலித்துப்போன கதை என்பது இன்னொன்று.

ஆகவே உங்கள் கதையில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். "பைத்தியம்" என்ற சொல் வர வேண்டுமானால் அது ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வரட்டும், அதைச் சொன்னவரைப் பற்றி நமக்கு ஏதாவது காட்டட்டும். தபால்காரரை வாசகர் நேசிக்க வேண்டும். அவர் மனைவியைத் தேடுகிறார். தேடப்படுகிறவள் எதிரிலேயே நிற்கிறாள். இரண்டு பேருமே சிக்கியிருக்கிறார்கள்.

படி 9: முடிவு

மூன்று முடிவுகள் தானாக வந்து நிற்கும். ஒன்று, அவர் மனைவியைக் கொன்றுவிடுகிறார். இரண்டு, கடைசி வரியில் "அவர் இருந்தது மனநல மருத்துவமனையில்" என்று தெரிகிறது. மூன்று, அந்த அம்மாள் உண்மையிலேயே போலிதான். மூன்றாவதில் சிறிது உயிர் இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. அதுவரை சேர்த்துவைத்த பரிவையெல்லாம் அது வீணாக்கிவிடும்.

நான் முடிவை விசாலத்திடம் கொடுப்பேன். வீட்டில் கணவர் தன்னை "வாருங்கள், உட்காருங்கள்" என்கிறார். தொலைபேசியில் மட்டும் "விசாலம்" என்று உருகுகிறார். சில வாரங்களில் அவளே அந்த அழைப்புக்குக் காத்திருக்கத் தொடங்குகிறாள். முதலில் மறுத்துப் பேசியவள், பிறகு மறுப்பதை நிறுத்துகிறாள். பிறகு அவரோடு பேசுகிற நேரத்தை நீட்டிக்க, அவர் கேட்க விரும்புவதைச் சொல்லத் தொடங்குகிறாள். கடைசி அழைப்பு:

"'அந்த அம்மாள் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு விசாலம் சொன்னாள்: 'ராத்திரி கதவைத் தாழிட்டுக்கொண்டு படுங்கள். அவளை உள்ளே விடாதீர்கள்.'"

ரத்தம் சிந்தவில்லை. பிறழ்வு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விட்டது. இதற்குப் பின் ஒரு வரிகூட எழுத வேண்டாம். விளக்கும் ஆசை வந்தால் பேனாவை மூடிவையுங்கள்.

படி 10: திருத்தம்

இரண்டு நாள் கழித்து உரக்கப் படித்துப் பாருங்கள். புள்ளிக் கோவைகளையும் இரட்டை ஆச்சரியக்குறிகளையும் நீக்குங்கள். மழை, இருட்டு, நாய் எதுவும் இல்லாமல் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நம் கதை முழுவதும் பகல் வெளிச்சத்தில் நடக்கலாம். நடக்க வேண்டும் என்றே சொல்வேன். முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். "அவள் யார்?", "மாயை", "நிழல் மனிதர்கள்" போன்றவை கதையைத் திறப்பதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். கதைக்குள் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு பொருளின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு நான் வைப்பது "ஒப்புகை அட்டை".