வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்பது எப்படி?

வீடுகளுக்கே போய் முதியவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. "உங்களை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று நேராகக் கேட்டால், அனேகமாக "அதெல்லாம் இல்லம்மா" என்றுதான் பதில் வரும். அவர்கள் மறைக்கிறார்கள் என்று எப்போதும் சொல்ல முடியாது. அடி விழுந்தால்தான் கொடுமை என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2002-ல் உலக சுகாதார நிறுவனம் எட்டு நாடுகளில் முதியவர்களையே பேசவைத்துக் கேட்டபோது, புறக்கணிப்பு, உரிமை மீறல், முடிவெடுக்கும் வாய்ப்பும் மரியாதையும் பறிபோவது என்று அவர்கள் விரிவாகவே சொன்னார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமையைச் சந்திக்கிறார் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதில் முதலிடம் மனதை நோகடிப்பதற்குத்தான்.

அதனால் அன்றாடத்தைப் பற்றிக் கேளுங்கள். முதலில் காதுக் கருவி காதில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்து கிடக்கும் கருவியும், உடைந்தபடியே விட்ட கண்ணாடியும் அவர் சொல்லாததைச் சொல்லலாம். தனியாக உட்காருங்கள். பார்த்துக்கொள்பவர் பக்கத்து அறையில் இருந்தாலும் பேச்சு மாறிவிடும்.

"நேற்று யாரோடு சாப்பிட்டீர்கள்?", "ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது?", "கடைசியாக எப்போது வெளியே போனீர்கள்?", "இந்த வீட்டில் யாரைக் கண்டாவது பயமாக இருக்கிறதா?" இப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படக் கூடாது.

"அவன் பாவம்மா, வேலை டென்ஷன்" என்று மகனுக்காக அவரே பேசுவார். அப்போது மகனைத் திட்டிவிடாதீர்கள். மகனை இழந்துவிடுவோமோ, முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ, குடும்ப மானம் போய்விடுமோ என்ற பயங்கள் அதற்குள் இருக்கின்றன. "இதில் எது மாறினால் உங்களுக்கு நிம்மதி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் தண்டனை கேட்கமாட்டார். பென்ஷன் பணம் தன் கைக்கு வரவேண்டும், தன்னிடமும் நாலு வார்த்தை பேசவேண்டும் என்பார். எனக்கு இந்த ஒரு கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உதவி என்ற பெயரில் அவருடைய முடிவை நாமும் பிடுங்கிக்கொண்டால், நாமும் அதையேதான் செய்கிறோம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, காயம், சாப்பாடோ மருந்தோ மறுக்கப்படுவது தெரிந்தால், அவசர உதவியையோ மருத்துவரையோ உடனே அழைக்க வேண்டியிருக்கும். இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கொடுமை செய்பவரிடம் நீங்களாகப் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் கோபம் அவர் மேல்தான் விழும்.

மறதி நோய் உள்ளவர் சொல்வதை "குழப்பத்தில் பேசுகிறார்" என்று ஒதுக்காதீர்கள். குறிப்பிட்ட ஒருவர் உள்ளே வந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் தேதி போட்டு, அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி, உங்களிடம் மட்டும் வைத்திருங்கள். முதல் தடவை ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி போங்கள்.