பழைய கணினியில் லினக்ஸ்: போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும் என்கிறது. அதனால் 2012 முதல் 2017 வரை வாங்கிய மடிக்கணினிகள் பல சிங்கப்பூரில் கரோசல் இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போகின்றன, இல்லையென்றால் பழைய பொருள் வாங்கும் காரங்கூனிக்காரரிடம் போகின்றன. அவற்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது நல்ல யோசனைதான். நிறுவும் வேலையை இன்ஸ்டாலரே அரை மணி நேரத்தில் முடித்துவிடும், அதில் யாரும் அவ்வளவாகத் தவறுவதில்லை. கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்குவதில்தான் சிக்கலெல்லாம்.

இயந்திரத்தைப் பார்க்காமல் லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது

உபுண்டு, டெபியன், மின்ட், ஆண்டிஎக்ஸ் என்று லினக்ஸில் பல வகைகள் உண்டு. யூடியூபில் யாரோ 'எடை குறைந்த லினக்ஸ்' என்று பட்டியல் போட்டிருப்பார். அதில் முதலாவதாக உள்ளதைப் பதிவிறக்குவார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிராசஸர் 64 பிட்டா என்பதை. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' வரியில் இரண்டு தகவல்கள் இருக்கும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் பிராசஸர் 'எக்ஸ்64' என்று காட்டினால் 64 பிட் லினக்ஸ் ஓடும். பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, தேவையில்லாமல் 32 பிட் பதிப்பைத் தேடி அலைகிறார்கள். கோர் 2 டுவோ உட்பட அதற்குப் பின் வந்த இன்டெல் கோர் வரிசை முழுவதும் 64 பிட்தான். உண்மையிலேயே 32 பிட் மட்டும் என்றால், அது ஏட்டம் என்270 போட்ட 2008, 2009 காலத்துக் குட்டி நெட்புக்காக இருக்கலாம். உபுண்டு 32 பிட் கணினிகளை எப்போதோ கைவிட்டது; டெபியன் 13லும் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. ஆண்டிஎக்ஸ் போடலாம். ஆனால் 1 ஜிபி ரேமில் இன்றைய இணையப் பக்கங்களைத் திறப்பது தண்டனை. அதை மின்கழிவுத் தொட்டியில் சேர்ப்பதே மேல்.

அடுத்தது ரேம். மின்ட் 2 ஜிபியில் நிறுவப்படும் என்பது உண்மை, ஆனால் உலாவியில் நான்கு டேப் திறந்ததும் திணறும். 4 ஜிபி இருந்தால் மின்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் அதன் சின்னமன் பதிப்பு. எடை குறைந்த லினக்ஸ் போட்டால் உலாவியும் எடை குறையும் என்று நம்ப வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் எங்கே ஓடினாலும் அதே நினைவகத்தைத்தான் தின்னும்.

சிம் லிம் சதுக்கக் கணினிக் கடைகளில் ரேம் வாங்கப் போகிறவர்கள் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3 என்று பொதுவாகக் கேட்டால் 1.5 வோல்ட் ரேம் கிடைக்கலாம். 2013க்குப் பின் வந்த பல மடிக்கணினிகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். அவற்றில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கலாம், பிழைச் செய்திகூட வராமல் போகலாம். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு முதலில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய சுழலும் டிஸ்கை விட்டுவிட்டு ரேமை மட்டும் கூட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தம்ப்டிரைவில் இழுத்துப் போடுவது

பதிவிறக்கிய லினக்ஸ், ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வரும். அதை தம்ப்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். 8 ஜிபி தம்ப்டிரைவ் போதும், அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எழுதுவதற்கு முன், கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலின் நடுவில்தான் காலை வாரும், அப்போது டிஸ்கின் மேல் பழி விழும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு, கணினியை இயக்கியதும் அழுத்த வேண்டியது டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டும்.

பூட் ஆனதும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதீர்கள். முதலில் வைஃபை, ஒலி, வெப்கேம், திரை வெளிச்ச விசைகள், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் நிறுவாமலே தம்ப்டிரைவிலிருந்து ஓடும் அந்த நேரடி அமர்விலேயே சோதியுங்கள். பழைய என்விடியா கார்டால் திரை கறுத்துப்போனால், மின்டின் பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' எடுங்கள். பிராட்காம் வைஃபை, குறிப்பாகப் பழைய மேக்புக்கில், தொடக்கத்தில் வேலை செய்யாமல் போகலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டு (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து), மின்டின் டிரைவர் மேனேஜர் வழியாக அதற்குரிய டிரைவரை இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் போடுவது

தொடங்குகிறவர்கள் அதிகம் அழுவது இங்கேதான். கணினி தொடங்கும் முறைகள் இரண்டு: புதிய யுஇஎஃப்ஐ, பழைய லெகசி. விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருக்க, தம்ப்டிரைவை லெகசி முறையில் பூட் செய்து நிறுவினால், இரண்டும் ஒரே மெனுவில் வராது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ன என்று பார்த்து, அதே முறையில் தம்ப்டிரைவைத் தொடங்குங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் உள்ள 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொட்ட மறுகணம் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் மூடும். அப்போது விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா முறை 'ரெய்டு' என்றோ 'ஆர்எஸ்டி' என்றோ இருக்கலாம். அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடுக்குத் தயார்செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

இவ்வளவு தலைவலி எதற்கு? பழைய மடிக்கணினியில் இரண்டையும் ஒன்றாக வைக்கும் இரட்டை பூட் வேண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, உறையில் போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள். புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மட்டும் போடுங்கள். பிடிக்காவிட்டால் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினால் விண்டோஸ் இருந்த இடத்தில் இருக்கும், பிள்ளைகளின் படங்களும் இருக்கும்.

அப்படியும் இரட்டை பூட்தான் என்றால், நிறுவும்போது வெளிப்புற டிஸ்க் அனைத்தையும் பிடுங்கிவிடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பது அந்த டிஸ்கில் உள்ள விண்டோஸையும் அழித்துவிடும், அதனால் அதை அழுத்துமுன் டிஸ்கின் அளவையும் மாடலையும் படியுங்கள். டிஸ்கைக் கைமுறையாகப் பிரிப்பவர்கள், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரைத் தவறுதலாகத் தம்ப்டிரைவிலேயே எழுதிவிடுவதும் உண்டு. தம்ப்டிரைவ் செருகியிருந்தால் மட்டும் கணினி எழும் என்றால் காரணம் அதுதான்.

எட்டு மணி நேரம் எங்கே போனது

இரட்டை பூட்டில் காலை 10 மணிக்கு விண்டோஸுக்குத் திரும்பினால் அதிகாலை 2 மணி என்று காட்டும். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதைச் சிங்கப்பூர் நேரமாகவே படிக்கிறது. கணினியில் கோளாறு ஒன்றுமில்லை. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸில் மாற்றினால் போதும்.

தேதியே பல ஆண்டு பின்னால் போனால் அது வேறு கதை: மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், மென்பொருள் புதுப்பிப்பும் மறுக்கும். பயாஸில் மாற்றியவையும் மறந்துபோகும். மேசைக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032, சில காசுகள்தான். மடிக்கணினியில் கம்பியோடு வரும் வகையாக இருக்கலாம், திறந்து பார்த்து வாங்குங்கள்.

தமிழ் தட்டச்சு

கீபோர்டு லேஅவுட் பட்டியலில் 'தமிழ்' இருப்பதைப் பார்த்ததும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்ற நேரடி அமைப்பு. தமிழ்99 விசைப்பலகை முறையில் மெய்யெழுத்துக்குத் தானாக விழும் புள்ளி அதில் வராது. 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, தமிழ்99 அல்லது ஒலிப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அதைச் செய்யாமல் 'வேலை செய்யவில்லை' என்று அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறவர்கள் நிறையப் பேர்.