மர இரைமீன்: வண்ணத்துக்கு முன் வாளி

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் விரால் பிடிக்க மரத்தில் இரைமீன், அதாவது விராலை ஏமாற்றிக் கவ்வவைக்கும் போலி மீன், செதுக்கப் பழகுகிறீர்களா? நன்றாகக் காய்ந்த கல்யாண முருங்கைக் கட்டையை எடுங்கள். லேசானது, கத்திக்கு எளிதில் இணங்கும். மூன்று அங்குல நீளம் போதும். முதலில் நடுக்கோடு போடுங்கள். அது அழிந்தால் இரு பக்கமும் சமமாக வராது. மென்மரம் என்பதால் கொக்கி மாட்டத் திருகாணியை நம்பாதீர்கள். விரால் இழுக்கும் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தலையிலிருந்து வால்வரை ஒரே கம்பியை ஊடாகச் செலுத்துங்கள்.

பலரும் அவசரப்படுவது வண்ணத்தில்தான். அதற்கு முன் ஒருமுறை வார்னிஷ் பூசிக் காயவைத்து, கொக்கிகளை மாட்டி, வாளித் தண்ணீரில் விடுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றில் துளையிட்டுச் சிறு ஈயக்குண்டைப் பதியுங்கள். முதுகு நேராக மேலே நிற்கும்வரை தூரிகையைத் தொட வேண்டாம்.